அந்தச் சுத்துறது

"தொலைஞ்சு போறவரு செருப்பக் கழட்டி, ஜோடி சேத்து, பெஞ்சுக்கடியில வச்சுட்டாம்மா போவாரு? நீயே சொல்லு." மருமக சுகந்தி செல்போனைக் காதுல இருந்து எடுக்கல. தூரத்துக் கூட்டத்தையே பாத்துக்கிட்டு, "அத்தை, மாமாவுக்கு மறதி இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, இது சாதாரணமா எடுத்துக்கிற விஷயம் இல்ல"ன்னா. யாரு சாதாரணமா எடுத்துக்கிட்டா. கனகவல்லி சொன்னது அவரு தொலையல, முன்னாடி போயிருக்காருன்னு. தொலையறது வேற, முன்னாடி போறது வேற. கல்யாணமான மறுநாளு கோயிலுக்குப் போனப்ப அவரு முன்னாடி போனாரு, இவ பின்னாடி போனா, அன்னைக்கு விழுந்த இடைவெளி அப்படியே நின்னுபோச்சு, கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கல்யாண வீடு, எழவு வீடு, இவளுக்கு இடுப்புவலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனது, எங்க போனாலும் முதுகுதான். சட்டைக் காலரு எங்க நைஞ்சு போயிருக்கு, பிடரி முடி எப்ப நரைக்க ஆரம்பிச்சுது, எல்லாம் இவளுக்குத்தான் தெரியும், அவருக்கே தெரியாது. திரும்பிப் பாக்குற பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது. ஒரு தடவை சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல வெள்ளைச் சட்டை முதுகு ஒண்ணைப் பாத்துக்கிட்டே போனா, போனா, தெரு திரும்பினா, சந்து திரும்பினா, கடைசியில அந்த முதுகு ஒரு வீட்டுப் படியில ஏறி நின்னு திரும்பிப் பாத்து, யாரு தாயி நீ, என்ன வேணும்னு கேட்டுச்சு. பெரிய மீசை வச்ச யாரோ ஒரு மனுஷன். அந்த ஆளு பொண்டாட்டி வெளிய வந்து இவளை ஏற இறங்கப் பாத்தா, அப்புறம் மோரு குடுத்தா, அழுகாதன்னா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. நல்ல மனுஷி, பேரு மறந்துபோச்சு. கனகவல்லி அழவே இல்ல, அது வேற விஷயம். அன்னைக்குத் திரும்பிப் பாத்தது அந்த மீசைக்காரருதான். இவரு நேரா வீட்டுக்குப் போயி இலையில உக்காந்துட்டு, சோறு வரலைன்னதும்தான் ஆளு வரலைன்னு தெரிஞ்சுக்கிட்டாரு.

இன்னைக்கு வந்திருக்கிற இடத்து வாசல்ல ஜூபிலித் தோட்டம்னு எழுதியிருக்கு. ஊரு வாயில அது சூப்ளித் தோட்டம். வெள்ளைக்காரன் காலத்துல எந்த ராசாவுக்கோ பட்டம் கட்டி வருஷம் நெறைஞ்சதுக்காகக் கட்டுனதுன்னு மகன் முகுந்தன் கல்லுல இருந்ததைப் படிச்சுச் சொன்னான், பேத்தி தாரிகா அதைக் கேக்காம உள்ள ஓடுனா. கண்ணாடி மாளிகைக்குள்ள போயிட்டு வந்தாங்க. குண்டாக் காட்டுது, ஒல்லியாக் காட்டுது, அதுக்கு ஒரு டிக்கெட்டு. வீட்டுக் கண்ணாடி சும்மாவே அதைத்தான செய்யுது. அப்புறம் பிள்ளைய குட்டி ரயிலுக்குக் கூட்டிட்டுப் போறோம், நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்கன்னு தூங்குமூஞ்சி மரத்தடி சிமிண்டு பெஞ்சுல உக்கார வச்சுட்டுப் போனாங்க. எதுக்கால ஒருத்தன் டெல்லி அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருந்தான். எண்ணெயில போட்ட உடனே அது தாம்பாளம் அளவுக்கு விரியுது, அவன் ரெண்டு கம்பியால அதைத் தூக்கித் திருப்புறான், மிளகாத்தூளைத் தூவுறான். எண்ணெய் கறுத்துப் போயிருந்துச்சு. இந்த எண்ணெய எப்ப மாத்தினானோன்னு கனகவல்லி நெனைச்சா. முகுந்தன் சின்னப் பிள்ளையில இப்படி ஒரு எண்ணெய்ப் பலகாரத்தைத் தின்னுட்டு மூணு நாளு வயித்தால போனது, அப்ப வந்து பாத்த கம்பவுண்டரு, அந்தக் கம்பவுண்டரோட தங்கச்சி வீட்டை விட்டு ஓடிப்போனது, பிறகு அதே ஊருலயே தையக்கடை போட்டு உக்காந்தது, எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துச்சு. தையக்கடைப் பலகை என்ன நிறம்னு யோசிச்சுக்கிட்டே இந்தப் பக்கம் திரும்பினா, பெஞ்சுல ஆளு இல்ல. செருப்பு மட்டும் இருந்துச்சு. பச்சை, அந்தப் பலகை. இப்பத்தான் நெனைவு வருது.

"செருப்பை எடுத்துட்டு வரேன் அத்தை, உள்ள வந்து உக்காருங்க"ன்னு சுகந்தி குனிஞ்சா. "அதைத் தொடாத. அவரு வந்தா பெஞ்சு தெரியணும்ல"ன்னு சொல்லிட்டு, கனகவல்லி பக்கத்து மைக் கொட்டகைக்குள்ள போயி ஸ்டூல்ல உக்காந்தா, சுகந்தியும் தாரிகாவும் பின்னாடியே வந்தாங்க. ஜன்னலு வழியாப் பாத்தா பெஞ்சும் தெரியுது, செருப்பும் தெரியுது. மைக்ல பேசுறவரு அந்தோணின்னு பேரு சொன்னாரு. ஊரே அதிர்ற குரலுக்கு ஆளு ஒடக்கான் மாதிரி ஒல்லியா இருந்தாரு. பிள்ளைகளைத்தான் தினமும் தேடித் தருவேன், பெரியவங்க வர்றது கொஞ்சம் அபூர்வம்னாரு. "ஐயா பேரு என்னங்கம்மா?" கனகவல்லி சுகந்தியப் பாத்தா. சுகந்தி போன்ல, தேடப் போன முகுந்தனோட பேசிக்கிட்டு இருந்தா. "வீட்டுக்காரரு பேரும்மா"ன்னு அந்தோணி திருப்பிக் கேட்டாரு. இந்தக் கேள்விய முந்தி ஒரு தடவை ரேஷன் கார்டு எழுத வந்தவன் கேட்டான். இவ சுவத்துக் காலண்டருல பாம்பு மேல படுத்திருக்கிற சாமியக் கையைக் காட்டினா. அவன் காலண்டரைப் பாத்தான், இவளைப் பாத்தான், பெருமாளான்னு கேட்டான். கிட்டத்தட்ட வந்துட்டானேன்னு தலைய ஆட்டிட்டா. அதோட பல வருஷம் அவரு கார்டுல பெருமாள்தான். ரேஷன் கடையில பெருமாள், பெருமாள்னு கூப்பிடுவான், இவரு பையோட பக்கத்துலயே நிப்பாரு, யாரோ பெருமாள் வரலைபோலன்னு நிப்பாரு. அந்தோணிக்கு இதெல்லாம் எப்படிச் சொல்றது. "மருமக சொல்லுவா"ன்னா. சுகந்தி போனைக் கையால மூடிக்கிட்டு, "ரெங்கராசு. வெள்ளைச் சட்டை, வேட்டி, காலுல செருப்பு இல்ல"ன்னா. அதை அந்தோணி தோட்டம் முழுக்கச் சொன்னாரு. ரெங்கராசு அவர்கள், ரெங்கராசு அவர்கள், உங்கள் குடும்பத்தார் அறிவிப்புக் கொட்டகையில் காத்திருக்கிறார்கள்னு மரத்துக்கு மரம் கட்டியிருந்த குழாயெல்லாம் சொல்லுச்சு. கனகவல்லிக்கு உடம்பு கூசுச்சு, பந்தியில சேலை நழுவுன மாதிரி. யாரும் வரல. வரமாட்டாரு, யாரு வருவா. அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட இப்ப யாரு மிச்சம் இருக்கா. மில்லுல இருந்த வரைக்கும் ஃபிட்டர். வீட்டுல அப்பா, தாத்தா. தெருவுல மாமா. பெத்த தாயி ராசுன்னு கூப்பிடுவா, அவ போயி எவ்வளவோ காலமாச்சு. ஆஸ்பத்திரியில நர்ஸு அந்தப் பேரை முழுசாக் கூப்பிட்டப்பக்கூட அவரு பக்கத்துல இருந்தவரை எந்திரிங்கன்னு தட்டிவிட்டாரு. மறதிக்குப் பாக்குற டாக்டர் அவர்கிட்ட, உங்க மனைவி பேரு என்னன்னு கேட்டாரு. "அவ பேரு எதுக்கு, அவதான் இங்க இருக்காளே"ன்னாரு. டாக்டர் எதையோ எழுதிக்கிட்டாரு. அது மறதி இல்லைங்க, எங்க வீட்டுல அப்படித்தான்னு கனகவல்லி சொல்ல வந்தா. சுகந்தி முழங்கையால இடிச்சா.

தோட்டத்துக்கு ஒரு பின்வாசல் இருக்கு. அது பைபாஸ் ரோட்டுல திறக்குது, காரு அந்தப் பக்கமாத்தான் வந்துச்சு. கனகவல்லி அதை நெனைக்க வேண்டாம்னு அப்பளக்காரனைப் பாத்தா. அவன் கம்பியால திருப்புறான், தூவுறான், ஒருத்தி காசு குடுக்குறா, சில்லறை இல்லைங்கிறான். அந்த ரோட்டுல மணல் லாரி போகுது. அவருக்கு ரோட்டைத் தாண்டுறப்ப வலது பக்கம் மட்டும் பாக்குற பழக்கம், இடது பக்கத்தை இவ பின்னாடி இருந்து பாத்துக்குவா. நில்லுங்கன்னு சட்டை முதுகைப் பிடிப்பா. அவரு என்னன்னு கேக்க மாட்டாரு, நிப்பாரு, லாரி போனதும் நடப்பாரு. இப்ப முதுகுக்குப் பின்னாடி யாரும் இல்ல. குளம்கூட ஒண்ணு இருக்கு, வாத்து மாதிரி படகு விடுறாங்க. குளம் பரவாயில்ல, ஆழம் இருக்காது, முகுந்தனே இடுப்பளவுதான்னு சொன்னான். பின்வாசல்தான். பின்வாசல்ல வாட்ச்மேன் இருந்தானா, இல்ல சும்மா நாற்காலிதான் கிடந்துச்சா. நாற்காலி மேல ஒரு தொப்பி இருந்துச்சு. தொப்பி ஆளை நிறுத்துமா. செருப்பைப் பாத்தா. செருப்பு அங்கயே இருக்கு, கட்டைவிரல் பள்ளம் தெரியுது. எதுக்குக் கழட்டினாருன்னு இப்பத்தான் அவளுக்குத் தோணுச்சு. இதுவரைக்கும் செருப்பு இருக்கு, அதனால வந்துருவாருன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தா, ஏன் கழட்டினாருன்னு யாரும் கேக்கல, அவளும் கேக்கல. கோயில்னு நெனைச்சாரோ. இங்க எங்க கோயிலு. அந்த மனுஷன் வெளியில செருப்பைக் கழட்டுறதே இல்ல, கால்ல ஆணி, பஸ்சுலகூடக் கழட்டமாட்டாரு. ஒரே ஒரு இடத்துலதான் கழட்டுவாரு. கழட்டி இவ கையில குடுப்பாரு. கல்யாணமான புதுசுல, பொங்கலுக்குப் பொங்கல், இதே சூப்ளித் தோட்டத்துக்கு மில்லு ஆளுகளோட வருவாரு. அப்ப அந்த உசரமாச் சுத்துறதுக்கு மோட்டாரு கிடையாது, மரத்தொட்டிலு, ஆளுக சக்கரத்து ஆரத்துல ஏறித் தொங்கித் தொங்கிச் சுத்துவாங்க. மேல போறப்ப செருப்பு நழுவிக் கீழ யாரு தலையிலயாவது விழுந்துரும்னு கழட்டி இவகிட்ட நீட்டிட்டு ஏறிப்போயிருவாரு. நீயும் வர்றியான்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்டிருந்தா வந்திருக்க மாட்டா, அதுவும் நெசம். ரெண்டு கையிலயும் செருப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ நிப்பா. அண்ணாந்து பாத்தா தலை சுத்தும், அதனால மேல பாக்கவே மாட்டா, சர்பத் வண்டியில ஐஸ் சீவுறதையே பாத்துக்கிட்டு இருப்பா. முகுந்தன் பொறந்து, அவனைத் தூக்கிச் சுமக்க வேண்டியதா ஆனப்புறம் கை ஒழியல, வர்றது நின்னுபோச்சு.

"சுகந்தி, அவரு அந்தச் சுத்துறதுலதான் இருக்காரு. முகுந்தன்கிட்டச் சொல்லு." சுகந்தி போன்ல சொன்னா, "ஏதோ சுத்துறதுலயாம், அத்தை சொல்றாங்க." கொஞ்ச நேரத்துல முகுந்தன் ஸ்பீக்கர்ல பேசுனான், குதிரை ராட்டினத்துல பாத்துட்டேன், எல்லாம் சின்னப் பிள்ளைகதான்னான். "அது இல்ல, பெருசு"ன்னா. பெருசுன்னதும் அவன் கொலம்பஸ் கப்பலுக்குப் போயிட்டான். "அது ஆடுறதுடா, சுத்துறதா." அவன் மரணக்கிணத்துக்குப் போயி, மோட்டார் சைக்கிள் சுத்துறதைப் பாக்குற கூட்டத்துல ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துட்டு வந்தான், மூச்சு வாங்குறது போன்லயே கேட்டுச்சு. "அம்மா, இங்க எல்லாமே சுத்துது. கப்பு சாசரு சுத்துது, ரயிலு சுத்துது, எதைச் சொல்ற?" கனகவல்லிக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. வந்து நின்னுச்சு. அதோட பேருல முன்பாதி அவரு பேரு. கல்யாணத்துக்கு முந்தி அந்த வார்த்தையச் சொல்லியிருக்கா, மத்தப் பிள்ளைகளோட சேந்து பாட்டாக்கூடப் பாடியிருக்கா. தாலி ஏறின அன்னையோட அது வாயை விட்டுப் போயிருச்சு. நாத்தனாருக்காரி ஒருத்தி இருந்தா, வம்புக்குன்னே கேப்பா, ஏன் மதினி, தோட்டத்துல உசரமாச் சுத்துதே அது பேரு என்ன மதினின்னு. இவ சுத்துறதும்பா. வீடே சிரிக்கும். நாத்தனாரு புருஷன் பேரு பாலு. அவ சாகுற வரைக்கும் காபிக்கு வெள்ளைத் தண்ணின்னுதான் ஊத்துனா, அதுக்கு யாரும் சிரிச்சதில்ல. பின்வாசல்ல தொப்பி மட்டும்தான் இருந்துச்சு. சொல்லிட்டா என்ன, ஒரு வார்த்தைதான, ஆயுசு குறையும்பாங்க, குறையறதுக்கு இப்ப எவ்வளவு மிச்சம் இருக்கு. ஆனா இன்னைக்குன்னு பாத்துச் சொல்லணுமா, ஆளு எங்க நிக்காருன்னு தெரியாத இன்னைக்கு. அந்தோணி மைக்கைக் கையில வச்சுக்கிட்டு இவ வாயையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "ரெங்கராட்டினமாம்மா?"ன்னாரு. கனகவல்லி தலைய ஆட்டுறதுக்குள்ள தாரிகா பஞ்சு மிட்டாயில இருந்து மூஞ்சிய எடுத்து, "அப்பத்தா, ஜெயண்ட் வீல்னு சொல்ல வேண்டியதுதான"ன்னா. ஜெயண்ட் வீலு. அந்த வார்த்தை இத்தனை வருஷமா ஊருக்குள்ளதான் இருந்திருக்கு. அதுல அவரு இல்ல, எந்தச் சாமியும் இல்ல, தாராளமாச் சொல்லியிருக்கலாம்.

முகுந்தன் அங்க போயிட்டுப் பேசுனான். கூட்டம் நெரியுது, மேல சுத்திக்கிட்டு இருக்கு, யாரு மூஞ்சியும் தெரியல, ஆபரேட்டரு பாதியில நிறுத்த முடியாதுங்கிறான், ஏற்கெனவே எறங்கிப் போயிருந்தாலும் தெரியாதுங்கிறான்னான். எறங்கிப் போயிருந்தா. ராட்டினத்துக்குப் பின்னாடிதான் பின்வாசல். லேசாத் தூறல் விழுந்துச்சு, தகரக் கூரையில ஒண்ணு ஒண்ணாக் கேட்டுச்சு. "இன்னொரு தடவை சொல்லிப் பாக்குறேம்மா"ன்னு அந்தோணி சுவிட்சைப் போட்டாரு. "உங்க பேருக்கு அவரு வரமாட்டாரு"ன்னா கனகவல்லி. அந்தோணி மைக்கை அவ பக்கம் திருப்பி வச்சாரு. "அப்ப நீங்களே கூப்பிடுங்க." மைக்ல ஒரு இரும்பு வாசனை அடிச்சுச்சு, யாரு யாரு எச்சிலோ. சுகந்தி பாத்துக்கிட்டு இருந்தா. கனகவல்லி முந்தானையத் தோளுல இழுத்து விட்டுக்கிட்டா, அடுப்படியில இருந்து கூடத்துக்குச் சொல்ற மாதிரி, சத்தமும் இல்லாம, மெதுவும் இல்லாம, எப்பவும் சொல்றதைச் சொன்னா. "ஏங்க." அது குழாய்க்குழாயாப் போயி, மரம் மரமாச் சுத்தி, அவகிட்டயே திரும்பி வந்துச்சு. "உங்களத்தான்." ஜன்னல்ல பாத்தா, பஜ்ஜிக்காரரு கரண்டியோட திரும்பினாரு. பிள்ளையத் தோளுல வச்சிருந்த ஒருத்தரு பிள்ளையோட திரும்பினாரு. டிக்கெட் வரிசையில நின்ன வழுக்கைத்தலை, ஐஸ் குச்சியோட நின்ன புது மாப்பிள்ளை, பெஞ்சுல தூங்கிக்கிட்டு இருந்த ஒரு பெரியவரு, தோட்டத்துல இருந்த புருஷமாரு அத்தனை பேரும் திரும்பினாங்க. எல்லா மூஞ்சியும் ஒரே மூஞ்சி, இப்ப என்ன தப்புப் பண்ணினேன்ங்கிற மூஞ்சி. முகுந்தன்கூட போன்ல, "சுகந்தி, கூப்பிட்டியா"ன்னான். "செருப்பு இங்கதான் இருக்கு"ன்னா கனகவல்லி. எல்லாரும் குனிஞ்சு அவங்கவங்க காலைப் பாத்தாங்க. சுகந்தி வாயைப் பொத்திக்கிட்டா, சிரிக்கிறாளா அழுகுறாளான்னு தெரியல, ரெண்டும் அந்தப் பொண்ணுக்கு ஒரே மாதிரிதான் வரும். அவ கல்யாணத்தன்னைக்கும் அப்படித்தான் வந்துச்சு, போட்டோக்காரன் எந்த நேரத்துல எடுக்குறதுன்னு தெரியாம நின்னான். திரும்பின மூஞ்சிகள்ல அவரு மூஞ்சி இல்ல. ஒவ்வொண்ணாப் பாத்தா, இல்ல. பழைய சர்பத் வண்டி நின்ன இடத்துல இப்ப ஏடிஎம் பெட்டி இருக்கு. அவரு திரும்பவா போறாரு, என்னைக்குத் திரும்பினாரு, கேட்டிருந்தாலும் முன்னாடிதான் போயிக்கிட்டு இருப்பாரு, முன்னாடின்னா எந்தப் பக்கம். தூறல் கொஞ்சம் அழுத்துச்சு. அப்பளக்காரன் சட்டிய மூடினான். சுகந்தி போனைப் பாத்தா, போனு சும்மா இருந்துச்சு. கொலம்பஸ் கப்பலு நின்னுபோயி காலியா ஆடிக்கிட்டு இருந்துச்சு. கனகவல்லி மைக்கை அணைக்கச் சொல்லல, அந்தோணியும் அணைக்கல, கூரையில விழுந்த மழைச்சத்தம் தோட்டம் பூராவும் கேட்டுச்சு.

ராட்டினத்துப் பக்கம் இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. முன்னாடி வெறுங்காலோட அவரு. பின்னாடி முகுந்தன், அதே இடைவெளியில. சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டியிருக்கும்னு நெனைச்சா, முதுகு தெரியல, அவரு இந்தப் பக்கம் பாத்து வந்துக்கிட்டு இருந்தாரு. பாதையில கிடந்த சரளைக்கல்லுக்கு ஆணிக்காலைத் தூக்கித் தூக்கி வச்சாரு. கொட்டகை வாசல்ல நின்னு கண்ணைச் சுருக்கி உள்ள பாத்தாரு, அந்தோணியப் பாத்தாரு, சுகந்தியப் பாத்தாரு, அது யாருன்னு கொஞ்சம் யோசிச்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் ஸ்டூலைப் பாத்தாரு. "இங்கயா உக்காந்திருக்க"ன்னாரு. கோவமாத்தான் சொன்னாரு. "எங்கெங்க தேடுறது உன்னைய. மேல போனா கீழ செருப்பும் கையுமா நிப்ப, எப்பவும் தெரியும். ஒவ்வொரு சுத்துக்கும் பாக்குறேன், ஆளக் காணோம். சர்பத் வண்டியக்கூடக் காணோம்." முகுந்தன் என்னமோ சொல்ல வாயெடுத்தான், சுகந்தி அவன் கையைப் பிடிச்சா. கனகவல்லி அவரு காலைப் பாத்தா. சேறு. ஒவ்வொரு சுத்துக்குமா. இவ ஐஸைத்தான பாத்துக்கிட்டு இருந்தா. சீவச் சீவக் கீழ விழும், அவன் அதை டம்ளருல அள்ளுவான். ஒரு தடவைகூட அண்ணாந்து பாக்கல. "எப்பவுமா?"ன்னு கேட்டா. மைக்கு போட்டபடியே இருந்துச்சு, அது வெளியில எல்லாக் குழாயிலயும் கேட்டுச்சு. "என்ன எப்பவுமா?"ன்னாரு அவரு, அதுக்குள்ள மறந்துட்டு. கனகவல்லி எந்திரிச்சு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினா, அவரு உக்காந்தாரு. அவரு தலையில தண்ணி சொட்டுச்சு, முந்தானையால துடைச்சா, முன்பக்கத்துல இருந்து துடைக்கிறது கைக்குப் பழக்கமில்லாம இருந்துச்சு. அந்தோணி சுவிட்சை அணைச்சாரு.

"சுகந்தி, அந்தச் செருப்பு நனையுது பாரு, உள்ள எடுத்துட்டு வாம்மா."